முள் பார்க்கிற விரல்

அந்த அம்மாவின் குளத்து மீனில் மருந்து இருக்கிறது என்று எழுதிய தாளில் முதல் கையெழுத்து என்னுடையது.

எங்கள் ஆய்வுக்கூடத்தின் வேலை அது. வளர்ப்பு மீன் சந்தைக்குப் போகும் முன், குளத்துக்கு ஐந்து மீன் வீதம் மீன்வளத் துறை அதிகாரி பிடித்து ஐஸ் பெட்டியில் அனுப்புவார். மீனுக்கு நோய் வந்தால் சிலர் ஆன்டிபயாடிக் போடுவார்கள். அது சதையில் தங்கும். தங்கியிருக்கிறதா என்று நாங்கள் பார்ப்போம். சில மருந்துகளுக்கு இவ்வளவு வரை இருக்கலாம் என்று எல்லை உண்டு. சிலவற்றுக்கு எல்லையே கிடையாது, இருந்தாலே குற்றம். குளோராம்பெனிகால் அந்த வகை. நூறு கோடிப் பங்கில் அரைப் பங்கு இருந்தாலும் எங்கள் மிஷின் பிடித்துவிடும்.

நான் மீன் அறுக்கிறவன். பட்டம் வாங்கியிருக்கிறேன், ஆனாலும் என் இடம் அறுக்கிற அறைதான். தோலுரித்து, முள் எடுத்து, சதையை அரைத்து, டப்பாவில் அடைத்து எண் ஒட்டுவேன். பக்கத்து அறையில் மிஷினை ஓட்டுகிறவரை நாங்கள் ஊசி என்போம். நாள் முழுக்க அதற்கு ஊசி போட்டுக்கொண்டிருப்பார். மருந்து தெரிந்தால் சுவரைத் தட்டி, உங்க மீனுக்குக் காய்ச்சல் என்று சொல்வார்.

ஐந்து மீனில் நான்கைத்தான் அறுப்போம். அரைத்த சதை இரண்டு டப்பாவாகும். ஒன்று உடனே பார்க்க, இன்னொன்று சந்தேகம் வந்தால் மறுபடி பார்க்க. ஐந்தாவது மீன் முழுசாக, சீல் வைத்த பையில், ஃப்ரீசரில் இருக்கும். அது குளத்துக்காரரின் பங்கு. அவர் எழுதிக் கேட்டால், அவர் கண்ணெதிரில் சீலை உடைத்துப் பார்க்க வேண்டும். ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அப்படி அச்சிட்டிருக்கிறது. யாரும் பின்பக்கத்தைப் படிப்பதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது கெண்டை. ஒரே பண்ணை, மூன்று குளம், பதினைந்து மீன்.

கெண்டையின் சதைக்குள் மயிர் போல முள் கிடக்கும். கண்ணுக்குத் தெரியாது. அரைக்கும்போது பிளேடில் சிக்கும். கையுறை போட வேண்டும் என்பது விதி. கையுறை போட்ட விரலுக்கு அந்த முள் தட்டுப்படாது என்பது அறுத்தவர்களுக்குத் தெரியும். அதனால் அந்த அறையில் வேலை பார்த்த எல்லோரும் ஒன்று செய்தோம். வலது கையுறையைக் கழற்றி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, ஆள்காட்டி விரலால் சதையைத் தடவிப் பார்ப்போம். முள் குத்துகிற இடத்தில் இடுக்கியால் பிடுங்குவோம். எங்கள் மேடத்துக்கும் இது தெரியும். அவரும் அந்த மேஜையிலிருந்து மேலே போனவர்தான். தணிக்கைக்கு ஆள் வருகிற அன்று மட்டும் இரண்டு கையிலும் போட்டுக்கொள்வோம்.

புதன்கிழமை ஊசி சுவரைத் தட்டினார். மூன்று குளத்திலும் குளோராம்பெனிகால். முதல் குளத்தில் கொஞ்சம் அதிகம், இரண்டாவதில் அதைவிடக் குறைவு, மூன்றாவதில் இன்னும் குறைவு. படிக்கட்டு மாதிரி இறங்குது பாருங்க என்றார். முதல் குளம் தீவனக் கொட்டகைக்குப் பக்கத்தில் இருக்கும், அங்கேதான் மருந்து கலக்கியிருப்பார்கள் என்றேன். சரியான காரணமாகத்தான் பட்டது. இரண்டாவது டப்பாக்களையும் ஓட்டினார். அதே படிக்கட்டு. வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் போய்விட்டது.

திங்கள்கிழமை அந்த அம்மா வந்தார். ஐம்பது வயது இருக்கும். காலில் சேறு காய்ந்து வெளுத்திருந்தது. மேடம் வெளியே போயிருந்ததால் என்னிடம் அனுப்பிவிட்டார்கள். ஒரு துணிப்பையைக் கவிழ்த்தார். தீவன மூட்டையின் லேபிள், உப்பு மூட்டையின் லேபிள், சுண்ணாம்பு மூட்டையின் லேபிள். எல்லாவற்றையும் சதுரம் சதுரமாகக் கத்தரித்து ரப்பர் பேண்டு போட்டிருந்தார்.

"என் குளத்துல விழுந்தது மொத்தமே இவ்வளவுதான் சார். இதுல எதுல அந்த மருந்து இருக்குன்னு காட்டுங்க."

லேபிளில் எழுதியிருக்காது என்றேன். பிறகு, மிஷின் பொய் சொல்லாதும்மா என்றேன்.

"மிஷின் சொல்லாது. அப்ப நான் சொல்றேன். அப்படித்தானே?"

அந்த மாதங்களில் நான் பெரும்பாலான கேள்விகளுக்குப் பதில் சொல்லவில்லை.

அவர் லேபிள்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்தபடி பேசினார். கணவர் வேறு ஊரில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டு பதினெட்டு வருஷம் ஆகிறதாம். மூன்று குளத்தையும் தனியாளாக வெட்டி வளர்த்தாராம். ரிப்போர்ட் போன மறுநாளே சந்தைக்குச் செய்தி போய்விட்டது. முந்தின நாள்வரை அக்கா அக்கா என்று வாய் நிறையக் கூப்பிட்ட வியாபாரி, மருந்துக்காரி வர்றா, யாருக்காவது சளி இருமல் இருந்தா வரிசையில நில்லுங்க என்றானாம். சந்தையே சிரித்ததாம்.

"மீன் போனா அடுத்த வருஷம் வளத்துக்குவேன் சார். பேர் போனப்புறம் யாருக்கு வளக்கிறது?"

ஐந்தாவது மீனைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. அவர் போனபின் மேஜையைத் துடைத்தேன்.

புதன்கிழமை உத்தரவு வந்தது. மூன்று குளத்து மீனையும் அழிக்க வேண்டும். வியாழக்கிழமை காலை பத்து மணி.

என் மனைவி இறந்து அப்போது ஐந்து மாதம். வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். பதினொரு நாள் இருந்தாள். அந்தப் பதினொரு நாளும் அவளுக்கு ஏறிய ஒவ்வொரு பாட்டிலின் பெயரையும் படித்தேன். வீரியத்தைப் படித்தேன், காலாவதித் தேதியைப் படித்தேன். படித்ததால் ஒன்றும் ஆகவில்லை. அதன் பிறகு மருந்து எதன் மேலும் என் கண் நிற்பதில்லை. கொழுந்தியாள் வாங்கி வருவாள். எத்தனை வேளை என்று சொல்வாள். கொடுப்பேன்.

கொழுந்தியாள் மாடியில் குடியிருக்கிறாள். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. என் மகளைப் பகலில் அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். மகளுக்கு இரண்டரை வயது. வீட்டில் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவோம். கெண்டை வந்த செவ்வாய்க்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் அவளுக்குக் கண் சிவந்து பீளை கட்டியது. ஒரு கண் தேறும்போது மறு கண்ணில் வந்தது. காலையும் இரவும் களிம்பு. இரவு கொழுந்தியாள் போடுவாள். காலையில் வேலைக்குக் கிளம்புமுன் நான்.

அந்த வியாழக்கிழமை காலை ஏழரை மணி. வாலு தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். கால் இரண்டையும் என் தொடைக்குள் இடுக்கிக்கொண்டு, கீழ் இமையை இழுத்து, விரல் நுனியில் எடுத்த களிம்பைத் தடவினேன். பாதி கன்னத்தில் போயிற்று.

கொழுந்தியாள் வாசற்படியில் நின்று பார்த்தாள். "மாமா, நீங்க களிம்பு போடுறீங்களா, செவுத்துக்கு வெள்ளையடிக்கிறீங்களா? அவ காதுகூடப் பளபளன்னு இருக்கு."

குழாயைப் பிதுக்கினேன். காலி. இன்னொன்று வேண்டும் என்றேன். டாக்டர் கொடுத்த சீட்டு எங்கே போனது என்று தெரியவில்லை, குழாயில் இருக்கிற பேரைச் சொல்லுங்கள், கடையில் கேட்டு வாங்கி வருகிறேன் என்றாள்.

குழாய் சுருண்டிருந்தது. விரித்துப் படித்தேன்.

மறுபடி படித்தேன். பிறகு எழுத்துக் கூட்டிப் படித்தேன், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. அந்தப் பெயரை நான் ஆயிரம் தாளில் எழுதியிருப்பேன். ஆறு நாளுக்கு முன்பும் எழுதினேன். மூன்று முறை, மூன்று குளத்துக்கு.

என் வலது ஆள்காட்டி விரலைப் பார்த்தேன். நுனி பளபளத்தது. நகத்தின் ஓரத்தில் மஞ்சளாகக் கொஞ்சம் ஒட்டியிருந்தது. மெழுகுக் களிம்பு. சோப்புக்குச் சுலபத்தில் போகாது.

தலைக்குள் கணக்கு தானாக ஓடியது. ஒரு குழாயில் ஐந்து கிராம் களிம்பு. நூற்றில் ஒரு பங்கு மருந்து. அந்த ஒரு குழாயால் நூறு டன் மீனைக் குற்றவாளி ஆக்கலாம். பன்னிரண்டு மீனுக்கு ஒரு நகக்கண் தாராளம்.

அப்புறம் அந்தப் படிக்கட்டு. முதல் குளத்து மீனை முதலில் அறுத்தேன். அடுத்து இரண்டாவது. கடைசியில் மூன்றாவது. தடவத் தடவ விரலில் குறைந்திருக்கிறது. கொட்டகைக்குப் பக்கத்தில் இருப்பது எந்தக் குளம் என்று எனக்குத் தெரியவே தெரியாது. நானே ஒரு கொட்டகையைக் கட்டி, அதற்குப் பக்கத்தில் ஒரு குளத்தையும் வெட்டி, அந்த அம்மாவை அதில் இறக்கியிருந்தேன். அந்த வாரம் வந்த மற்ற பண்ணை மீனெல்லாம் கெளுத்தி. அதில் இந்த முள் கிடையாது. கையுறையைக் கழற்ற வேண்டியதில்லை.

"என்ன மாமா, மூஞ்சி இப்படி வெளுத்துப்போச்சு? தப்பான மருந்தா? குழந்தைக்கு ஏதாவது ஆயிடுமா?"

"குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது. சரியான மருந்துதான்."

கையைக் கழுவக் குழாயடிக்குப் போனவன் நின்றேன். கழுவக் கூடாது. ஒரு பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டி மணிக்கட்டில் கட்டச் சொன்னேன். கொழுந்தியாள் கட்டினாள். எதற்கு என்று கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே முடிச்சுப் போட்டாள். பையோடு பைக்கை ஓட்டினேன். சிக்னலில் ஒருவர், தீக்காயமா தம்பி என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஆய்வுக்கூடத்தில் ஊசி மட்டும் வந்திருந்தார். என் கையைப் பார்த்துச் சிரித்தார். "என்ன, கையையும் சாம்பிளாக் கொண்டாந்துட்டீங்களா?"

"ஆமா."

சிரிப்பு நின்றது. சொன்னேன். நான் சொல்லி முடிக்கும்வரை அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு சின்ன குப்பியில் மெத்தனால் ஊற்றி, விரலை முக்கு என்றார். பன்னிரண்டு வருஷத்தில் அவர் என்னை ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. அப்படியே மிஷினில் விட்டால் ஒரு வாரத்துக்கு அது வேறெதையும் பார்க்காது என்று ஆயிரம் மடங்கு நீர்க்கச் செய்தார். அது போதாது என்று மறுபடி பத்து மடங்கு.

ஆறு நிமிஷம். திரையில் கோடு தரையோடு வந்தது. நாலாவது நிமிஷத்தில் செங்குத்தாக எழுந்து மேல் விளிம்பைத் தாண்டிப் போனது.

மீனில் கோடு எழுந்த அதே நிமிஷம், அதைவிடப் பல மடங்கு உயரம்.

எட்டரைக்கு மேடம் வந்தார். கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே திரையைப் பார்த்தார். முதலில் அவருக்குப் புரியவில்லை. எந்தப் பண்ணை, இவ்வளவு கொட்டியிருக்கிறான் என்றார். ஊசி என்னைக் காட்டினார்.

மேடம் உட்கார்ந்தார்.

"இதுவரைக்கும் நாம கொடுத்த கெண்டை ரிப்போர்ட் அத்தனையும் எடுன்னு கேப்பாங்க. தெரியுமில்ல?"

தெரியும் என்றேன்.

"அங்கீகாரம் போகும். இந்த இடத்தைப் பூட்டுவாங்க. உனக்கு வேலை போகும். குழந்தை வச்சிருக்க."

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். பத்து மணிக்கு மேல் எந்த மீனும் இருக்காது. மீன் இல்லையென்றால் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. அவர் அதைச் சொல்லவில்லை. மூன்று பேரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். ஊசி ஜன்னலுக்குத் திரும்பிக்கொண்டார்.

மேடம் தன் வலது கையை மடியில் விரித்து வைத்துப் பார்த்தார்.

"பன்னெண்டு வருஷம் நானும் இந்த விரலாலதான் பாத்தேன்," என்றார். "எனக்கும் கைக்குழந்தை இருந்துச்சு. எந்தக் களிம்பைத் தொட்டுட்டு வந்தேனோ."

போனை எடுத்தார்.

அதிகாரி குளக்கரையில் இருந்தார். பின்னால் என்ஜின் சத்தம். பத்து மணிக்குத்தானே என்று மேடம் கேட்டார். மண்வெட்டும் வண்டிக்கு மத்தியானம் வேறு இடத்தில் வேலை இருக்கிறதாம், அதனால் எட்டரைக்கே ஆரம்பித்துவிட்டார்களாம். முதல் குளத்தில் ப்ளீச்சிங் பவுடர் கொட்டியாயிற்றாம். மேடம் நிறுத்தச் சொன்னார். வாய்வார்த்தைக்கு நிறுத்தினால் தன் வேலை போய்விடும், முத்திரையோடு அசல் கடிதம் கையில் வேண்டும், பத்து மணிவரை மற்ற இரண்டு குளத்தையும் தொடாமல் இருக்கிறேன் என்றார் அவர். நல்ல மனிதர்தான்.

மேடம் கையால் நாலு வரி எழுதி முத்திரை குத்தினார். பண்ணைக்கு நாற்பது நிமிஷப் பாதை. எப்படிப் போனேன் என்று நினைவில்லை. போய்ச் சேர்ந்தபோது ஒன்பது நாற்பது.

முதல் குளம் வெள்ளையாக இருந்தது. தண்ணீருக்கு மேலே நுரை, நுரைக்கு மேலே மீன். கெண்டை செத்தால் பக்கவாட்டில் சாயும். கரை முழுக்க ஒரே பக்கம் சாய்ந்து கிடந்தன. சில இன்னும் வாயைத் திறந்து மூடின. குளோரின் வாடை கண்ணைக் கரித்தது. நான் மேஜையில் ஆயிரக்கணக்கான மீனைப் பார்த்தவன். இத்தனை மீனை ஒரே இடத்தில் பார்த்ததில்லை. எல்லாம் என்னுடையவை என்று நினைத்தேன். அந்த நினைப்பு மட்டும் நினைவிருக்கிறது.

அதிகாரி கடிதத்தை இரண்டு முறை படித்தார். வண்டியை நிறுத்தச் சொன்னார். சத்தம் நின்றதும் மீன் வாய் திறக்கிற ஓசைகூடக் கேட்டது.

அந்த அம்மா இரண்டாவது குளத்துக் கரையில், தீவன மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"உங்க குளத்துல மருந்து இல்லம்மா. என் கையில இருந்துச்சு."

"யார் கையில?"

"என் கையில. என் குழந்தைக்குக் கண்ணுல போட்ட களிம்பு. விரல்ல ஒட்டியிருந்திருக்கு. அதே விரலால உங்க மீனைத் தொட்டேன்."

அவர் என்னையே பார்த்தார். புரிந்துகொள்ள நேரமாயிற்று. திட்டுவார் என்று நின்றேன். அடித்தாலும் நின்றிருப்பேன்.

"குழந்தைக்குக் கண்ணு இப்ப எப்படியிருக்கு?"

தேறிவிட்டது என்றேன்.

"வேலைக்குக் கிளம்புற ஆம்பளை எதுக்குக் களிம்பு போடணும்? அவங்கம்மா என்ன பண்றாங்க?"

"அம்மா இல்ல."

ஐந்து மாதத்தில் அந்த இரண்டு சொல்லை நான் யாரிடமும் சொன்னதில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது, சொல்ல வேண்டி வரவில்லை.

அவர் முதல் குளத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"பாவம்தான் தம்பி," என்றார். "அதுக்காக என் குளம் உயிரோட வராது."

வராது என்றேன்.

ஐந்தாவது மீனைப் பற்றி அப்போதுதான் சொன்னேன். மூன்று குளத்துக்கும் ஒவ்வொரு மீன் சீல் உடைக்காமல் இருக்கிறது, நீங்கள் வந்தால் உங்கள் எதிரில் பார்ப்போம் என்று. திங்கள்கிழமையே அது இருந்ததா என்று கேட்டார். இருந்தது என்றேன்.

"நான் உங்க முன்னாடி நின்னப்ப, அந்த மீன் அங்கதான் இருந்துச்சா?"

"பக்கத்து அறையில."

அவர் மூட்டையிலிருந்து எழுந்து நடந்தார். அதிகாரியின் ஜீப்பில் வந்தார். நான் பின்னால் போனேன்.

சீலை அவர் கையாலேயே உடைக்கச் சொன்னார் மேடம். மீனை மேஜையில் வைத்ததும் நான் கத்தியை எடுக்கப் போனேன், பழக்கதோஷம். நீங்க தொடாதீங்க என்றார் அந்த அம்மா. சத்தமாக இல்லை. சும்மா சொன்னார். நான் கதவுக்கு வெளியே போய் நின்றேன்.

மேடம் அறுத்தார். இரண்டு கையிலும் இரண்டு இரண்டு கையுறை. அறுத்துப் பல வருஷம் ஆயிற்று. முள்ளை விரலால் தேடவில்லை. விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு இடுக்கியால் சதையைக் குத்திக் குத்திப் பார்த்தார். ஒரு மீனுக்கு ஒரு மணி நேரம். அவ்வளவு நேரமும் அந்த அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து இமைக்காமல் பார்த்தார். ஊசி கொண்டுவந்த டீயைத் தொடவில்லை.

நாலேகாலுக்கு மூன்றாவது மீனும் முடிந்தது. திரையில் கோடு தரையோடு தரையாக வந்து, தரையோடு தரையாகப் போனது. மூன்றுக்கும்.

"தொடைச்சு வச்ச மாதிரி இருக்கும்மா," என்றார் ஊசி. "உங்க மீன் சுத்தம்."

"எனக்குத் தெரியும்," என்றார் அவர்.

மேடம் புது ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டு, எழுந்து நின்று இரண்டு கையாலும் கொடுத்தார். நஷ்டத்துக்கு மனு எழுதச் சொன்னார், தானே சாட்சி சொல்வதாகச் சொன்னார். அந்த அம்மா தாளை மடித்துத் துணிப்பையில் வைத்தார். பிறகு வெளியே வந்து என் எதிரில் நின்றார்.

"சந்தையில எவனும் தாளைப் படிக்க மாட்டான் தம்பி. என் பேர் தாள்ல போகல, வாயாலதான் போச்சு. நாளைக்கு ஆறு மணிக்கு ஏலம். நீங்க வந்து உங்க வாயால சொல்லணும்."

வருகிறேன் என்றேன்.

அன்று மாலையே என்னை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். அறுக்கிற அறைக்குப் பூட்டுப் போட்டார்கள். வீட்டில் கொழுந்தியாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குழாயை வாங்கி வந்தது நான்தானே மாமா, நானும் சந்தைக்கு வருகிறேன் என்றாள். நீ வாங்கினது கண்ணுக்கு, மீனுக்கு எடுத்துப் போனது நான் என்றேன். குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.

மறுநாள் ஆறு மணிக்குச் சந்தையில் ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். ஈரத் தரை. வழுக்கியது. ஏலம் போடுகிறவர் ஒரு கவிழ்த்த மீன்பெட்டிமேல் நின்று விலை கூவிக்கொண்டிருந்தார். அந்த அம்மா அவர் காதில் ஏதோ சொன்னார். அவர் இறங்கி, பெட்டியைக் காட்டினார். ஏறினேன்.

நான் கூட்டத்தில் பேசிப் பழகியவன் இல்லை. கல்லூரியில்கூடக் கடைசி வரிசை. எல்லா முகமும் திரும்பியது.

யார் என்று சொன்னேன். இந்த அம்மாவின் மீனில் மருந்து இருக்கிறது என்று எழுதியவன் நான், அது தப்பு, மருந்து என் விரலில் இருந்தது, மறுபடி பார்த்ததில் மூன்று குளத்து மீனும் சுத்தம் என்றேன். தாளைத் தூக்கிக் காட்டினேன். அவர் சொன்னதுபோலவே யாரும் படிக்க வரவில்லை.

முன்வரிசையில் ஒரு வியாபாரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சளி இருமல் ஜோக் அடித்தவர் அவர்தான் என்று பார்த்ததுமே தெரிந்தது. "இதைச் சொல்றதுக்கு உங்களுக்கு என்ன கொடுத்தாங்க சார்?"

"ஒண்ணும் கொடுக்கல. எனக்கு வேலை போச்சு."

பின்னாலிருந்து ஒரு குரல், அப்ப கொட்டின பவுடர் யார் கணக்கு என்றது. என் தப்பு என்றேன். ஒரு குளம் முழுக்கச் செத்துப்போச்சு, என் தப்பு.

"சரி, போன வாரம் மருந்துன்னீங்க, இந்த வாரம் இல்லைன்றீங்க. நாங்க எதை நம்புறது?" முன்வரிசைக்காரர் விடவில்லை.

அந்த அம்மா குறுக்கே வந்தார். "நம்ப வேண்டாம். ஒரு மீனைப் பிடிச்சுத் தரேன், எடுத்துட்டுப் போயி நீயே டெஸ்ட் பண்ணிக்க."

"எங்க பண்றது? இவர்கிட்டயா?"

சந்தை சிரித்தது. நன்றாகவே சிரித்தது. ஐஸ் உடைக்கிறவர்கூடச் சுத்தியலை வைத்துவிட்டுச் சிரித்தார். நான் பெட்டிமேல் நின்றேன். அந்தச் சிரிப்பு என்மேல் விழுந்துகொண்டிருந்தது. போன வாரம் அது அந்த அம்மாமேல் விழுந்தது.

அவர் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். கூட்டத்தின் கடைசிவரை ஒருமுறை கண்ணை ஓட்டினார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்த ஐஸ் பக்கம் நிக்கிறவங்களுக்குச் சரியாக் கேக்கல. இன்னொரு தடவை சொல்லுங்க தம்பி. முதல்ல இருந்து."

சொன்னேன்.